கடலடிக் கம்பியும் கம்பெனிகளும்

போர்ட் பிளேர் என்று நெடுங்காலம் வழங்கி, 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் பெற்ற நகரத்தை ஒட்டிப் புரோத்ராபூர் என்றோர் ஊர் உண்டு. சிறைச்சாலை இருக்கும் ஊர் என்றால் அந்தமானில் எவரும் அடையாளம் கண்டுகொள்வர். அங்கே ஒரு வாடகை வீட்டின் மாடியில் நாம் குடியிருக்கிறோம். மத்திய அரசாங்க அலுவலகம் ஒன்றில் ஆங்கிலத்தில் வரும் ஆணைகளை இந்தியிலும், இந்தியில் வருவனவற்றை ஆங்கிலத்திலும் பெயர்த்துக் கொடுப்பது நமது உத்தியோகம். கல்லூரியில் கற்றது இலக்கியம். விஞ்ஞானமோ பொருளாதாரமோ அன்று. ஆகவே இன்றையப் பேச்சு ஒரு நிபுணரின் பேச்சு அன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நலம்.

நமது வீட்டிற்கு அடுத்த வீட்டில் ஒரு மூதாட்டியார் வசிக்கிறார். சிவகங்கைப் பக்கத்திலிருந்து மணமாகி இத்தீவுக்கு வந்தவர். வந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. மகளை ஊர்ப்பக்கமே கட்டிக் கொடுத்துவிட்டார். மாலையில் விளக்கு வைத்தபின், கைத்தொலைபேசியை நிலைக்கண்ணாடியின்மீது சாய்த்து வைத்து, மகளின் முகத்தைப் பார்த்துப் பேசுவது அவருடைய நித்திய வழக்கம். சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் அந்தத் தொலைபேசியைக் கையிலெடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தார்.

"தம்பி, நீங்க எழுத்து வேலை பார்க்கிறவுக. இதுல என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க. பணம் கட்டி இருபத்தஞ்சு நாள்கூட ஆகலை. படம் அப்படியே நின்னு நின்னு போகுது."

வாங்கிப் பார்த்தோம். கம்பெனி அனுப்பிய ஆங்கிலச் செய்தி. 'அன்லிமிடெட்' என்று பெரிய எழுத்தில் இருந்தது. அச்சொல்லின் தலைமேல் ஒரு சிறு நட்சத்திரக் குறி. அந்த நட்சத்திரத்தைத் தொடர்ந்து கீழே இறங்கினால், நாள் ஒன்றுக்கு இவ்வளவு என்ற அளவு தீர்ந்தபின் வேகம் குறைக்கப்படும் என்றும், இத்திட்டம் 28 நாட்களுக்கு உரியது என்றும் எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்தில் கண்டிருந்தது. 'வரம்பற்றது' என்று மொழிபெயர்த்துச் சொன்னோம். பிறகு வரம்பு என்னவென்றும் மொழிபெயர்த்துச் சொன்னோம். அம்மூதாட்டியார் நம்மைப் பார்த்த பார்வையில், நாம்தான் ஏதோ தப்பாகப் படிக்கிறோம் என்ற ஐயம் இருந்தது. இருபது ஆண்டு உத்தியோகத்தில் நமது மொழிபெயர்ப்பின்மீது அவ்வளவு நியாயமான ஐயம் எழுந்தது அன்றுதான்.

அந்தக் கம்பெனியின் பெயர் இங்கே வேண்டுவதில்லை. கம்பெனிகள் அனைத்தும் நட்சத்திரம் போடுகின்றன. ஆனால் இந்த நட்சத்திரத்தை யார் போடுகிறார்கள், யார் போட விடுகிறார்கள், தடுக்க வல்லவர் யார் என்ற கேள்விகள் அன்றுமுதல் நம்மை விடவில்லை. டில்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் இருந்து இப்பேச்சைக் கேட்கும் தமிழ் அன்பர்கள் ஊர் முகம் காண்பதற்கும் இதே கைத்தொலைபேசியையே நம்பி இருக்கிறார்கள். உங்கள் ஊரில் இரண்டு மூன்று கம்பெனிகளேனும் போட்டியிடுகின்றன. தீவின் நிலை வேறு. அதைச் சற்று விரிவாகச் சொன்னால்தான் மற்றவை விளங்கும்.

அந்தமானுக்கும் சென்னைக்கும் இடையே கடல்வழி ஏறக்குறைய மூன்று நாள் கப்பல் பயணம். ஒரு காலத்தில் கடிதமும் அந்தக் கப்பலிலேயே வந்தது. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் கம்பியில்லாத் தந்தி ஏற்பட்டுப் போர்ட் பிளேரைப் பர்மாக் கரையோரத்து டயமண்ட் தீவுடன் இணைத்தது. செய்தி பர்மா வழியாக இந்தியாவைச் சுற்றிக்கொண்டு சென்றது. பிற்காலத்தில் செயற்கைக் கோள் வந்தது. தொலைபேசி, டெலிவிஷன், வங்கிக் கணக்கு, இன்டர்நெட் யாவும் அந்தக் கோளின் வழியாகவே தீவுக்கு இறங்க வேண்டியிருந்தது. பூமத்திய ரேகைக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் கோள் அது. நமது குரல் அங்கே ஏறி இறங்க 72,000 கிலோமீட்டர் செல்ல வேண்டும். ஒளியின் வேகம் நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் ஆயினும், அதற்குக் கால் நொடி ஆகிறது. மறுமொழி திரும்பி வர இன்னொரு கால் நொடி. 'நலமா?' என்று கேட்டுவிட்டு அரை நொடி காத்திருப்பது பெரிய துன்பமா என்று நீங்கள் வினவலாம். இருவரும் ஒரே சமயத்தில் பேசத் தொடங்கி, இருவரும் ஒரே சமயத்தில் நிறுத்தி, மறுபடியும் இருவரும் ஒரே சமயத்தில் 'நீங்க சொல்லுங்க' என்று கூறுவதை அனுபவித்தவர்களுக்கே அத்துன்பம் தெரியும்.

காலதாமதத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கோளின் வழி குறுகியது. அதில் இடமும் விலையுயர்ந்தது. அந்தக் குறுகிய வழியைத்தான் அரசாங்க அலுவலகங்கள், ஆஸ்பத்திரிகள், வங்கிகள், கடற்படை, கல்லூரிகள், பொதுமக்கள் அனைவரும் பகிர்ந்துகொண்டனர். தேர்வு முடிவு வெளியாகும் நாளில், பக்கம் திறக்குமா என்று மாணவர்கள் கணினிக் கடைகளின் வாசலில் நின்றனர். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது தென் தீவுகள் பலவற்றிலிருந்து நாட்கணக்கில் செய்தியே இல்லை. உற்றார் உயிருடன் இருக்கிறாரா என்று அறியாமல் நிலப்பகுதியில் காத்திருந்தவர்களில் தமிழ்க் குடும்பங்களும் பல. 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இத்தீவுக் கூட்டத்தில் ஏறத்தாழ 3,80,000 மக்கள் வாழ்ந்தனர். அவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாகக் கூறினர். இலங்கையிலிருந்து திரும்பிய தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டங்களில் குடியேற்றப்பட்டதும் இங்கே நினைக்கத் தக்கது.

2014ஆம் ஆண்டு ஜூலையில், இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் இத்தீவுகளுக்குக் கடலடிக் கம்பி போட வேண்டும் என்று பரிந்துரை செய்தது. 2016ஆம் ஆண்டு செப்டம்பரில் மத்திய மந்திரி சபை இசைவளித்தது. 2018ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் பிரதம மந்திரி அடிக்கல் நாட்டினார்; 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் அவரே டில்லியிலிருந்து காணொலி வாயிலாகத் தொடங்கி வைத்தார். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும், அங்கிருந்து ஹேவ்லாக் என்னும் ஸ்வராஜ் தீவு, ரங்கத், லாங் தீவு, சிற்றந்தமான், கார் நிக்கோபார், கமோர்டா, பெரிய நிக்கோபார் ஆகியவற்றிற்கும் செல்லும் இக்கம்பியின் மொத்த நீளம் ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர். செலவு 1,224 கோடி ரூபாய். போட்டவர்கள் பி.எஸ்.என்.எல். என்னும் அரசாங்க நிறுவனத்தார். கோவிட் நோய் நாட்டையே வீட்டுக்குள் அடைத்து வைத்த மாதங்களிலும் வேலை நடந்தது.

கம்பி என்று நாம் வழக்கத்தை ஒட்டிச் சொல்கிறோம். உள்ளே செய்தியைக் கொண்டுசெல்வது கம்பி அன்று. தலைமயிர் போன்ற கண்ணாடி இழை. அதனூடே ஒளி மின்னி மின்னிச் செல்கிறது. நெடுந்தூரத்தில் ஒளி மங்கிவிடும். ஆகையால் இடையிடையே அதைப் பெருக்கிக் கொடுக்கும் கருவிகள் கடலடியிலேயே அமைந்துள்ளன. அவற்றிற்கு வேண்டிய மின்சாரம் கரையிலிருந்து அதே வடத்தின் உலோக உறை வழியாகச் செல்கிறது. ஆழ்கடலில் கிடக்கும் வடம் நமது கட்டைவிரல் பருமன்தான் இருக்கும். நங்கூரமும் மீன்வலையும் தொடக்கூடிய கரையோரத்தில்தான் இரும்புக் கவசம் பூட்டி அதைப் பருக்கச் செய்கிறார்கள். கண்ணாடிக்குள் ஒளி நொடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர் செல்லும். புரோத்ராபூரிலிருந்து கேட்கும் கேள்வி, நொடியின் நூறில் ஒரு பங்கு ஆவதற்குள் சென்னைக் கரையைத் தொட்டுவிடுகிறது. மூதாட்டியாரும் மகளும் இப்பொழுது ஒருவர் பேச்சை ஒருவர் இடைமறித்தே சண்டையிடலாம். அரை நொடித் தடை இல்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். 1,224 கோடி ரூபாயைத் தீவு மக்களின் தொகையால் வகுத்தால், தலைக்கு ஏறத்தாழ 32,000 ரூபாய் ஆகிறது. சென்னை மாநகராட்சியின் சில மண்டலங்களில் மட்டும் இத்தீவுகள் அனைத்திலும் உள்ளவர்களைவிட அதிக மக்கள் இருக்கிறார்கள். இலாபம் கருதும் எந்த முதலாளி இங்கே கம்பி போடுவார்? ஒருவரும் போடவில்லை. பல்லாண்டுகளாக மொபைல் கம்பெனிகள் இந்தியாவில் வியாபாரம் செய்தன. ஒன்றோடொன்று மோதிப் போட்டியிட்டன. அப்போட்டி வங்காள விரிகுடாவின் அடியில் கம்பி எதையும் போடவில்லை. போட்டி இருந்தால் எல்லாம் தானே வரும் என்பாரிடம் இந்தக் கணக்கைத்தான் நாம் முதலில் காட்டுவோம்.

அப்படியானால் பணம் எங்கிருந்து வந்தது? நேயர்களே, நீங்கள் கொடுத்தீர்கள். தொலைத்தொடர்புக் கம்பெனிகள் தங்கள் வருமானத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கை ஒரு பொது நிதிக்குச் செலுத்தி வந்தன. உலகளாவிய சேவைக் கடப்பாட்டு நிதி என்பது அதன் பெயர்; 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்திற்குப்பின் டிஜிட்டல் பாரத் நிதி எனப் பெயர் பெற்றது. அந்த ஐந்து பங்கு முடிவில் உங்கள் ரீசார்ஜிலிருந்து வந்ததேயாகும். தாராவியில் இருக்கும் தமிழர் மாதந்தோறும் கட்டிய பணத்தின் சில பைசாக்கள் நிக்கோபார்க் கடலடியில் கிடக்கின்றன. 'கடப்பாடு' என்ற சொல்லை மொழிபெயர்ப்பில் நாம் நூறு முறை எழுதியிருப்போம். அதன் பொருள் கடலடியில் கிடக்கிறது என்று அறிந்தபின் அச்சொல்லின்மேல் ஒரு மதிப்பு உண்டாயிற்று. பின்னர் 2024ஆம் ஆண்டு ஜனவரியில் கொச்சியிலிருந்து லட்சத்தீவுகளுக்கும் இவ்வகையிலேயே கடலடிக் கம்பி வந்தது.

கம்பி வந்தவுடன் கம்பெனிகளின் வேகமான சேவையும் வந்தது. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திலேயே ஏர்டெல் தனது 4ஜி சேவையை இங்கே தொடங்கியதாக அறிவித்தது. கம்பியில் இடம் வாடகைக்கு எடுத்து, சொந்தச் செலவில் கோபுரம் அமைத்து, சேவை செய்வது நியாயமான வியாபாரமே. அதில் குறை கூற ஒன்றுமில்லை. ஊரார் சேர்ந்து போட்ட சாலையில் எவரும் வண்டி ஓட்டலாம். ஆனால் சாலை எவருடையது, சுங்கம் எவ்வளவு, அதை யார் நிர்ணயிப்பது என்பன மட்டும் ஊராருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே இக்கம்பியின் கொள்ளளவு 400 கிகாபிட் என்று அறிவித்திருக்கிறார்கள். எல்லோரும் ஒரே சமயத்தில் பயன்படுத்தினால் ஆளுக்கு ஒரு மெகாபிட் தேறும். போதுமா போதாதா என்பது வேறு. அந்த இடம் என்ன வாடகைக்கு யாருக்குக் கொடுக்கப்படுகிறது என்பதைப் பொதுமக்கள் எளிதில் பார்க்கும்படி ஒரு பலகையில் எழுதி வைத்தால் என்ன என்பதே நமது கேள்வி. பணம் பொதுப்பணம் அல்லவா?

இவ்விடத்தில், பழைய காலத்தை மறந்து பேசுகிறோம் என்று எவரும் எண்ண வேண்டாம். அரசாங்கத்தைத் தவிர வேறு ஒருவரும் தொலைபேசி கொடுக்காத காலத்தில், விண்ணப்பம் கொடுத்தவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். தந்தை எழுதிக் கொடுத்த விண்ணப்பத்திற்கு மகன் காலத்தில் இணைப்பு வந்ததாக வேடிக்கையாகச் சொல்வதுண்டு. டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுப் பகல் முழுவதும் தபாலாபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1995ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் கல்கத்தாவிலிருந்து முதல் மொபைல் அழைப்பு டில்லிக்குச் சென்றபோது, பேசுவதும் கேட்பதும் செல்வர்களின் பொழுதுபோக்காக இருந்தன. கூலி வேலைக்குச் செல்பவரின் சட்டைப் பையில் இன்று தொலைபேசி இருக்கிறதென்றால், அது போட்டியினால் விளைந்த நன்மைதான். அதை மறைப்பது நன்றி மறப்பதாகும்.

ஆனால் போட்டி என்பது விளக்குப் போன்றது. எண்ணெய் ஊற்றாவிட்டால் அணைந்துவிடும். 2012ஆம் ஆண்டு பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்த காலத்தில் இந்நாட்டில் பத்துக்கு மேற்பட்ட மொபைல் கம்பெனிகள் இருந்தன. 2016ஆம் ஆண்டு செப்டம்பரில் ஜியோ மிகக் குறைந்த விலையுடன் வந்தது. விலை வீழ்ந்தது, டேட்டா மலிந்தது, அம்மலிவை நாமும் அனுபவித்தோம். அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பெனிகள் மறைந்தன. தமிழ்நாட்டிலே தோன்றி வளர்ந்த ஏர்செல் 2018ஆம் ஆண்டு பிப்ரவரியில் திவாலாகத் தன்னை அறிவித்தது. அதற்கு முன்னும் பின்னும் சில வாரங்கள் தமிழ்நாட்டில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். கையிலிருந்த தொலைபேசி பேசவில்லை. எண்ணை வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளக் கடைகளின் வாசலில் நீண்ட வரிசை. எண்ணை மாற்ற வேண்டுமானால் அந்தத் தொலைபேசிக்கே ஒரு குறியீடு வர வேண்டும். குறியீடு வரவோ அலை இல்லை! வங்கிக்கும் உறவினருக்கும் அந்த ஒரே எண்ணைக் கொடுத்து வைத்திருந்த வெளிமாநிலத் தமிழர் பட்ட பாடு சிறிதன்று. டெலினார் மறைந்தது; டாட்டாவின் மொபைல் சேவை ஏர்டெலுடன் சேர்ந்தது; வோடபோனும் ஐடியாவும் 2018ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஒன்றாயின. எஞ்சியவை தனியார் மூன்றும், அரசாங்கத்தைச் சேர்ந்தவையும்.

மூவர் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. 2024ஆம் ஆண்டு ஜூன் 27, 28 ஆகிய இரண்டே நாட்களில் மூன்று தனியார் கம்பெனிகளும் விலையேற்றத்தை அறிவித்தன. கூடிப் பேசினார்கள் என்று நாம் சொல்லவில்லை. பேச வேண்டிய அவசியமே இல்லை. ஒருவர் குடையை விரித்தால் மற்றவர் மழை வருகிறதென்று அறிந்துகொள்வார். அடுத்த மாதம் என்ன நடந்தது என்பதுதான் சுவையானது. 4ஜி சரிவரக் கிடைக்காத அரசாங்க நிறுவனத்திற்கு அந்த ஜூலை மாதத்தில் ஏறக்குறைய 29 லட்சம் சந்தாதாரர்கள் புதிதாகச் சேர்ந்தனர். சேவை சிறந்தது என்று அவர்கள் போகவில்லை. போவதற்கு வேறொரு கதவு இருந்தது என்பதால் போனார்கள். அந்தக் கதவை மூடிவிட்டால் பிறகு என்ன விலை சொன்னாலும் கேட்டுக்கொள்ள வேண்டியதே. 2020ஆம் ஆண்டு ஜனவரி இறுதியில் 78,000க்கு மேற்பட்ட ஊழியர்கள் விருப்ப ஓய்வில் சென்றபின் பி.எஸ்.என்.எல். மெலிந்துவிட்டது உண்மை. 2025ஆம் ஆண்டு செப்டம்பரில் உள்நாட்டிலேயே செய்த கருவிகளுடன் அதன் 4ஜி முறையாகத் தொடங்கி வைக்கப்பட்டது. காலந்தாழ்ந்த வரவு. தனியார் கடந்து சென்ற பாதையில் இவர்கள் இப்பொழுதுதான் அடி வைக்கிறார்கள். ஆயினும் அந்தமானின் கடலடிக் கம்பி இவர்களுடையது. இவர்கள் நலிந்தால் அதைக் காப்பவர் யார்?

கம்பெனிகளின் செல்வாக்கைப் பற்றியும் சில வார்த்தை சொல்ல வேண்டும். செல்வாக்கு என்றவுடன் பெட்டியில் பணம் கைமாறும் காட்சியையே நம்மவர் எண்ணுவர். அதைப் பற்றி நாம் பேச வரவில்லை. வெளிச்சத்தில், சட்டப்படி நடக்கும் செல்வாக்கே அதிகம். ஒழுங்குமுறை ஆணையம் 1997ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. எந்த விதி செய்வதற்கு முன்னும் அது ஓர் ஆலோசனை அறிக்கையை வெளியிட்டு, எல்லோருடைய அபிப்பிராயத்தையும் கேட்கிறது. நல்ல வழக்கம். அறிக்கையோ பெரும்பாலும் ஆங்கிலத்தில், நூறு பக்கத்துக்கு மேலும் நீள்வதுண்டு. கம்பெனியிடம் வக்கீல்களும் பொருளாதார நிபுணர்களும் இருக்கிறார்கள். கேள்வி எண் ஒன்றிலிருந்து கடைசி வரை வரிசையாகப் பதில் எழுதி, பிறர் எழுதியதற்கு எதிர்ப்பதிலும் எழுதிவிடுவார்கள். மூதாட்டியார் சார்பில் எழுதுபவர் யார்? அவருக்கு அப்படி ஓர் அறிக்கை வந்ததே தெரியாது.

ஒருமுறை மட்டும் ஜனங்கள் எழுதினார்கள். 2015ஆம் ஆண்டு வசந்தத்தில், இன்டர்நெட்டில் எல்லாப் பக்கங்களையும் கம்பெனிகள் ஒரே கண்ணோடு பார்க்க வேண்டுமா என்ற கேள்வி எழுந்தபோது பத்து லட்சத்துக்கு மேற்பட்ட மின்னஞ்சல்கள் ஆணையத்துக்குச் சென்றன. அதே ஆண்டில் பேஸ்புக் கம்பெனி, சில பக்கங்களை மட்டும் ஏழைகளுக்கு இலவசமாகக் காட்டும் திட்டத்தைக் கொண்டு வந்தது. பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரங்கள். விசையைத் தட்டினால் போதும், ஆதரவுக் கடிதம் தானே ஆணையத்துக்குச் சென்றுவிடும். கடிதங்கள் குவிந்தன, ஆனால் ஆணையம் கேட்ட கேள்விகளுக்கு அவற்றில் பதில் இல்லை. கேள்வி ஒன்று, விடை வேறொன்று. மொழிபெயர்ப்பாளரின் வேலையில் இதைப் பிழை என்போம். ஆணையமும் ஏறக்குறைய அப்படியே சொல்லிற்று. 2016ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள், பக்கத்துக்குப் பக்கம் வேறு விலை வைக்கலாகாது என்று விதி பிறந்தது. இலவசம் என்று சொல்லப்பட்ட ஒன்றை வேண்டாம் என்று தள்ளுவதற்கு ஒரு நாட்டிற்குத் துணிவு வேண்டும். அத்துணிவு அன்று இருந்தது.

அமெரிக்காவில் இதே கேள்வி 2017ஆம் ஆண்டு எழுந்தபோது நடந்தது வேறு. அங்குள்ள ஆணையத்துக்கு வந்த அபிப்பிராயங்கள் இரண்டு கோடியே இருபது லட்சம். அவற்றில் ஏறத்தாழ ஒரு கோடியே எண்பது லட்சம் போலி என்று நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. பெரிய பிராட்பேண்ட் கம்பெனிகள் பணம் கொடுத்து நடத்திய பிரசாரத்தில் மட்டும் 85 லட்சம். உயிருள்ள மனிதர்களின் பெயரும் விலாசமும் அவர்கள் அறியாமலே எடுத்தாளப்பட்டன. எதிர்த்தரப்பிலும் பத்தொன்பது வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர் தாமே 77 லட்சம் போலி அபிப்பிராயங்களை எழுப்பி அனுப்பினார் என்று அவ்வறிக்கையே சொல்கிறது. இருபக்கத்து வஞ்சகத்தையும் எண்ணும்போது, ஒரு தீவிலிருந்து ஒரு கிழவி எழுதும் ஒரே கடிதம் எத்தகைய விலையுள்ளது என்று தோன்றுகிறது.

ஆணையம் முயன்றும் தோற்ற இடங்கள் உண்டு. பேச்சு இடையில் அறுந்தால் ஓர் அழைப்புக்கு ஒரு ரூபாய் வீதம், நாளொன்றுக்கு மூன்று முறைவரை கம்பெனி சந்தாதாரருக்குக் கொடுக்க வேண்டும் என்று அது விதித்தது. கம்பெனிகள் வழக்காடின, 2016ஆம் ஆண்டு மே 11ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அவ்விதியைத் தள்ளிவிட்டது. தீர்ப்பின் காரணங்களை இங்கே ஆராய நேரமில்லை. விதிகள் செய்யும்போது பொதுமக்களின் கருத்தைக் கேட்கும் முறைக்கு நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்வது நன்று என்ற குறிப்பும் அதில் இருந்தது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறோம்.

28 நாள் விஷயம் அவ்வளவு பெரிதன்று; ஆனால் அதுவே நம் மூதாட்டியாரின் விஷயம். மாதம் என்றால் முப்பது நாளோ முப்பத்தொரு நாளோ. 28 நாளுக்கு ஒருமுறை பணம் கட்டினால் ஆண்டில் பதின்மூன்று முறை கட்ட வேண்டும். சம்பளமும் பென்ஷனும் பன்னிரண்டு முறையே வருகின்றன. வாடகை பன்னிரண்டு முறையே போகிறது. தொலைபேசிக்கு மட்டும் பதின்மூன்றாவது மாதம் ஒன்றை யாரோ சிருஷ்டி செய்திருக்கிறார்கள். 2022ஆம் ஆண்டு ஜனவரியில் ஆணையம் தலையிட்டு, ஒவ்வொரு கம்பெனியும் முப்பது நாள் திட்டம் ஒன்றையும், மாதந்தோறும் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றையும் வைத்திருக்க வேண்டும் என்று ஆணையிட்டது. 2024ஆம் ஆண்டு டிசம்பரில், இன்டர்நெட் வேண்டாதவர்களுக்குப் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் கொண்ட திட்டம் தர வேண்டும் என்றும் விதித்தது. இவை இருக்கின்றன என்பது நம் தெருவில் நம்மைத் தவிர ஒருவருக்கும் தெரியவில்லை. நமக்கும் அந்த மழைநாள் மாலைக்குப் பிறகுதான் தெரிந்தது. கடைக்காரரிடம் கேட்டோம், "அதை யாரும் கேக்கிறதில்லே சார்" என்றார். கேட்பதற்குத் தெரிந்தால் அல்லவா கேட்பார்கள்?

இப்பொழுது வானத்திலிருந்து வேறொரு போட்டி வருவதாகச் சொல்கிறார்கள். ஏறக்குறைய 550 கிலோமீட்டர் உயரத்திலே சுற்றும் ஆயிரக்கணக்கான சிறு கோள்கள் வழியாக இன்டர்நெட் தரும் ஸ்டார்லிங்க் 2025ஆம் ஆண்டு ஜூனில் இந்திய அரசாங்கத்தின் உரிமம் பெற்றது. கம்பி தொடாத நிக்கோபார்க் கிராமங்களுக்கு இது வரமாகலாம். ஆனால் வரலாற்றைக் கவனியுங்கள். கோள் வழிச் சேவைக்கு உரிய அலைவரிசையை ஏலம் விட வேண்டும், தங்களைப்போல அவர்களும் பணம் கொடுத்தே வாங்க வேண்டும் என்று இந்தியக் கம்பெனிகள் வாதாடின. 2023ஆம் ஆண்டுச் சட்டம் ஏலமின்றி ஒதுக்கும் வழியை வகுத்திருந்தது. வாதம் ஓய்வதற்குள், 2025ஆம் ஆண்டு மார்ச்சில் ஏர்டெலும் ஜியோவும் அந்தக் கோள்காரருடனேயே ஒப்பந்தம் செய்துகொண்டதாக ஒரு நாள் இடைவெளியில் அறிவித்தன. எதிராளி என்று நினைத்தவர் விற்பனையாளராகிவிட்டார். போட்டி என்ற தமிழ்ச் சொல்லுக்கு இதையும் ஒரு பொருளாக அகராதியில் சேர்க்க வேண்டிவரும்.

நாம் கேட்பவை எளியவை. பொதுப்பணத்தில் போட்ட கம்பி பொதுவிலேயே இருக்கட்டும். அதன் வாடகை விகிதம் எல்லோரும் காண இருக்கட்டும். ஒரே கம்பி அறுந்தால் தீவு மீண்டும் குறுகிய வழிக்குத் திரும்ப வேண்டியிருக்கும் என்பதால், இரண்டாவது கம்பியைப் பற்றி இப்பொழுதே யோசிக்கட்டும். அபிப்பிராயம் கேட்கும் அறிக்கைகளின் சுருக்கத்தையேனும் தமிழிலும் வங்காளியிலும் தெலுங்கிலும் நிக்கோபாரியிலும் வெளியிடட்டும். மொழிபெயர்ப்பதற்கு ஆள் இல்லை என்று யாரேனும் சொன்னால், புரோத்ராபூரில் ஒருவர் இருக்கிறோம்.

சென்ற மாதம் அம்மூதாட்டியாருடன் திண்ணையில் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினோம். அவர் சொல்லச் சொல்ல நாம் தமிழில் எழுதி, பிறகு ஆங்கிலத்தில் பெயர்த்தோம். மாதம் என்றால் என்ன என்பதும், வரம்பற்றது என்றால் வரம்பு இருக்கலாகாது என்பதும், நட்சத்திரத்தின் கீழ் எழுதுவதைப் பெரிய எழுத்திலும் அவரவர் மொழியிலும் எழுத வேண்டும் என்பதுமே அதன் சாரம். கையெழுத்தைத் தமிழில் இட்டார். மின்னஞ்சலில் அனுப்பினோம்.

"டெல்லிக்குப் போக எத்தனை நேரம் ஆகும் தம்பி?" என்று கேட்டார்.

"நீங்கள் கேட்டு முடிப்பதற்குள் போயிருக்கும் அம்மா."

"கடலுக்குள்ளாறயா போகுது?"

"சென்னைவரை கடலுக்குள், அதன்பின் தரைவழி."

சிறிது நேரம் கடல் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டதென்று எழுந்து, மகளுக்கு அழைப்புப் போட்டுக் கொடுக்கச் சொன்னார்.